சைடுகாரில் உட்கார்ந்த நெல்மூட்டை

நெரவியில், வைத்தியலிங்கம் வீட்டு முன்னறையில், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இருந்தவர்கள் ஐந்து பேர்.

ஜன்னலோரக் கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்ந்திருந்தவர் வைத்தியலிங்கம். நான்கு வருஷமாக அவருடைய இடம் அதுதான். கட்டிலின் கால்மாட்டில், தரையில், அவர் மனைவி உமாமகேஸ்வரி. வாசற்படியை ஒட்டிய ஸ்டூலில், இடது காலை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு, வைத்தியலிங்கத்தின் தம்பி கலைவாணன். காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை. தினமும் ஸ்கூட்டரில் போய்வருகிறவர். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் சுகிர்தா. ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து விசாரித்தவள். இப்போது காரைக்காலில் ஒரு மருந்துக்கடை மாடியில் ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டியிருக்கிறாள்.

ஐந்தாவது ஆளான காஜா நஜ்முதீனுக்கு உட்கார இடம் இல்லை. சுகிர்தாவின் உதவியாளன் என்ற முறையில் அது அவனுக்குப் பழகிப்போன சங்கதிதான். சுவரோரம் நின்றிருந்த நெல்மூட்டையின் மேல் மெல்ல உட்காரப் போனான்.

“அதுல உட்காராதீங்க தம்பி,” என்றாள் உமாமகேஸ்வரி.

“ஏங்க, ஈரமா இருக்கா?”

“அது இவரு.”

காஜா கட்டிலைப் பார்த்தான். மூட்டையைப் பார்த்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

“மன்னிச்சுக்கங்க. அறிமுகம் இல்லாம மடியில உட்காரப் போயிட்டேன்.”

கலைவாணன் பாதி சிரித்தார். கட்டிலில் இருந்தவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“காஜா, நீ சும்மா இரு,” என்றாள் சுகிர்தா. “உமாக்கா, முதல்லேர்ந்து சொல்லுங்க.”

உமாமகேஸ்வரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் பைபாஸ் ரோட்டில் ஒரு பஸ். பின்சக்கரத்தில் மாட்டியவரை இழுத்து எடுத்தபோது உயிர் இருந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. முட்டி மடங்காது. ஆட்டோவில் அவரை உட்கார வைக்கவும் முடியாது, படுக்க வைக்கவும் முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் லோடு ஆட்டோவைக் கூப்பிட்டு, இரண்டு ஆள் பிடித்து, சாமான் ஏற்றுவது போல ஏற்ற வேண்டும். அதைத் தவிர வேறு எங்கும் அவர் போனதில்லை.

“ஒருநா கோட்டுச்சேரியில பஸ்ஸுக்கு நிக்கிறேன். கயித்துக்கடை மீரா சாகிப் பாய் ஒரு மோட்டார் சைக்கிள்ல போறாரு. பக்கத்துல ஒட்டினாப்புல ஒரு தொட்டி, அதுக்குத் தனியா ஒரு சக்கரம். அதுக்குள்ள அவர் சம்சாரம் காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. காலை நீட்டிக்கிட்டுங்க. எனக்கு வேற எதுவும் கண்ணுல படலை. பஸ்ஸை விட்டுட்டு அவர் பின்னாலயே ஓடினேன். அந்த வண்டியையே அவர்கிட்ட விலைக்கு வாங்கிட்டேன்.”

“அப்ப உங்களுக்கு பைக் ஓட்டத் தெரியுமா?”

“சைக்கிளே தெரியாதுங்க.”

களத்தில்தான் பழகினாளாம். அந்த வண்டி ஒரு தனிப்பிறவி. முறுக்கினால் இடது பக்கம் இழுக்கும். பிரேக் போட்டால் வலது பக்கம் ஓடும். முதல் நாள் நேராக வைக்கோல்போருக்குள் போய் நின்றாள். இரண்டாம் நாள் வைக்கோல்போரே இல்லாத பக்கமாகப் பார்த்துக் கிளம்பினாள். வண்டி அதைத் தேடிப் போய் நின்றது. பாயிடமே போய் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள். அவர்தான் சூட்சுமத்தைச் சொன்னார். அந்தத் தொட்டி, அதாவது சைடுகார், காலியாக இருந்தால் இடது பக்கம் திரும்பும்போது அது அந்தரத்தில் எழும்பிவிடும். வண்டி குடை சாயும். உள்ளே பாரம் வைத்துப் பழக வேண்டும்.

“எப்படியும் இவரைத்தானே உட்கார வைக்கப் போறோம். அதனால இவர் எடைக்கே குறுவை நெல்லை நிறுத்து மூட்டை கட்டினேன். மூணு மாசமா இதைத்தான் வச்சு ஓட்டினேன். இடது பக்கம் திரும்புறேங்க, பிடிச்சுக்கங்கன்னு சொல்லிக்கிட்டே ஓட்டுவேன். தெருவுல சிரிச்சாங்க. சிரிக்கட்டும். எதுத்துப் பேசாத புருஷன் எனக்கு மட்டும்தானே கிடைச்சிருக்கு.”

“எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?”

“இப்ப காரைக்கால் கடைத்தெரு வரைக்கும் போய்வருவேன். வர்ற வெள்ளிக்கிழமை இவரைக் கூட்டிட்டுப் போறதா இருந்தேன். தீபாவளிச் சட்டையை இவரே தொட்டுப் பார்த்து எடுக்கணும். நாலு வருஷமா நான் எடுத்துட்டு வர்ற கலரைத்தான் போட்டுக்கறாரு. பிடிச்சிருக்கான்னு கேட்டா பிடிச்சிருக்குங்கறாரு. எப்படிங்க எல்லாக் கலரும் ஒரு மனுஷனுக்குப் பிடிக்கும்?” அவள் குரல் சற்றே இடறியது. “ஆஸ்பத்திரிக்கு இல்லாம நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு இடத்துக்குப் போகணும். அவ்வளவுதான் கேட்டேன்.”

சனிக்கிழமை மத்தியானம், தீபாவளிக் கூட்டமென்று வண்டியை விட்டுவிட்டு, அவள் பஸ்ஸில் காரைக்கால் போயிருந்தாள். தெருவே அறுவடைக்குப் போயிருந்தது. திரும்பி வந்தால் கொட்டகையில் வண்டி இல்லை. சாவி எப்போதும் கொட்டகை ஆணியில்தான் தொங்கும். போலீஸில் எழுதிக் கொடுத்தாள். பார்க்கிறோம் என்றார்கள்.

“நீங்க வீட்டுலதானே இருந்தீங்கண்ணே?” சுகிர்தா கட்டிலைப் பார்த்துக் கேட்டாள்.

“இருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டுச்சு,” என்றார் வைத்தியலிங்கம் ஜன்னலிடம். “உமாதான் எடுக்கிறான்னு நினைச்சேன்.”

“தம்பி?”

“எனக்கும் அந்த வண்டிக்கும் ஆகாதுங்க,” என்றார் கலைவாணன். “அண்ணி எத்தனையோ தடவை கூப்பிட்டாங்க. தொட்டதே இல்லை.”

“இந்த மூட்டை எங்கே இருந்துச்சு?”

“கொட்டகையில, சுவத்துல சாய்ச்சு நிறுத்தியிருந்துச்சு,” என்றாள் உமாமகேஸ்வரி. “எலி கடிக்குமேன்னு உள்ள இழுத்துட்டு வந்தேன்.”

காஜாவுக்கு வாய் நிற்கவில்லை. “திருடன் நல்லவன் போலிருக்குங்க. வண்டியை எடுத்துக்கிட்டு, உங்க வீட்டுக்காரரைப் பத்திரமா விட்டுட்டுப் போயிருக்கான்.”

இந்தத் தடவை யாருமே சிரிக்கவில்லை.

*

கொட்டகையிலிருந்து சந்துக்கு இறங்கினால் உடனே இடது பக்கம் ஒரு முடுக்கான திருப்பம். திருப்பத்தை ஒட்டி வாய்க்கால். மழை பெய்து சக்கரத் தடம் எதுவும் மிச்சமில்லை. சுகிர்தா வாய்க்கால் கரையில் குத்தவைத்து உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாள்.

“மீன் பிடிக்கிறதா இருந்தா சொல்லுங்கக்கா, புழு தோண்டறேன்.”

“காஜா, நீ திருடன்னு வச்சுக்க.”

“காலங்காத்தாலேயா?”

“கொட்டகையில வண்டி நிக்குது. சைடுகார்ல ஒரு மூட்டை நெல்லு. என்ன செய்வே?”

“நெல்லையும் சேர்த்துத் திருடுவேன். தீபாவளி வருதில்ல, முறுக்கு சுடலாம்.”

“அவசரம். ஆள் வந்துடும்.”

“அப்ப மூட்டையைப் பத்தியே யோசிக்க மாட்டேன். சாவியைப் போட்டு முறுக்கிக்கிட்டுப் போயிடுவேன். அதைத் தூக்கி இறக்கினா இடுப்பு பிடிச்சுக்கும்.”

“இவன் இறக்கியிருக்கான். இறக்கி, ஒரு மணி சிந்தாம நிமித்தி வச்சிருக்கான். ஏன்?”

காஜா தலையைச் சொறிந்தான்.

சுகிர்தா திருப்பத்தைக் காட்டினாள். “காலித் தொட்டியோட இந்த இடத்துல இடது பக்கம் திரும்பியிருந்தா வண்டி இந்த வாய்க்கால்லதான் கிடக்கணும். கிடக்கலை. அப்ப தொட்டி காலியா இல்லை. மூட்டையை இறக்கினதே அந்த இடம் வேணும்னுதான். உள்ள ஒரு ஆள் உட்கார்ந்திருக்கு.”

“ஒருத்தன் திருட, இன்னொருத்தன் சாஞ்சு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவா? கல்யாண மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்தவன் கணக்கா இருக்கேக்கா.” காஜா விரலைச் சொடுக்கினான். “பிடிச்சுட்டேன். மீரா சாகிப் சாச்சா. வித்துட்டு மனசு கேக்கலை. வழக்கம்போல சாச்சியைத் தொட்டியில ஏத்திக்கிட்டு வண்டியை ஓட்டிட்டுப் போயிட்டாரு. ரெண்டு பேரு. கணக்கு சரியா வருதா?”

“வா, போய்க் கேப்போம்.”

“திருடினீங்களான்னா?”

“இல்ல. ஓட்டுறது எப்படின்னு.”

*

கோட்டுச்சேரியில் மீரா சாகிப் கயிறும் வாளியும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. இடையில் ஒரு திரை. காஜா சலாம் சொன்னதும் பதில் சலாம் வந்தது; வந்த விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த கயிற்றுச் சுருளை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

“காணோமா? யா அல்லா. அந்தப் புள்ளை அதை ஓட்டப் பழகறதுக்குள்ள பட்ட பாடு எனக்கில்ல தெரியும்.”

“சாச்சா, கோவிச்சுக்காதீங்க. மனசு கேக்காம நீங்களே…” காஜா திரைப் பக்கம் கண்ணைக் காட்டினான். “சாச்சியையும் உட்கார வச்சு…”

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி சஃபியாவின் குரல் வந்தது. “யாரு, நானா? அந்தத் தொட்டியில திரும்பவுமா? ஏன் வாப்பா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?”

“இருபது வருஷம் ராணி மாதிரி உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன்,” என்றார் மீரா சாகிப் தாழ்ந்த குரலில்.

“ராணியா? ஓட்டுறவுகளுக்கு என்ன, உசரமா உட்கார்ந்திருப்பாக. உள்ள உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும். தரையோட தரையா இருக்கும். நின்னுக்கிட்டிருக்கிற பஸ்ஸைத் தாண்டுவாக பாரு, அந்தச் சக்கரம் அவ்வளவும் என் காதோரமா போகும். கண்ணை மூடிக்கிட்டு ஓதிக்கிட்டே வருவேன். இருபது வருஷத்துல நான் காரைக்கால் ரோட்டைக் கண் திறந்து பார்த்ததே கிடையாது.”

காஜா சிரித்தான். சுகிர்தா சிரிக்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மீரா சாகிப் பக்கம் திரும்பினாள்.

“பாய், இந்த வண்டியை ஒருத்தர் முதல் தடவையா ஓட்டுறாரு. எந்த இடத்துல தப்பு பண்ணுவாரு?”

மீரா சாகிப் பேசாமல் கைலியை முழங்கால் வரை தூக்கினார். இடது கெண்டைக்காலில், பின்பக்கம், குறுக்காக ஒரு பழைய தழும்பு.

“இந்த இடத்துலதான். ரெண்டு சக்கரம் ஓட்டிப் பழகினவன் எவனா இருந்தாலும் வண்டியை நிறுத்தும்போது இடது காலைத் தரையில ஊனுவான். அவனுக்குத் தெரியாமலே ஊனுவான். இதுல ஊனவே கூடாதும்மா. மூணு சக்கரம், அதுபாட்டுக்கு நிக்கும். வண்டி நகர்ந்துக்கிட்டிருக்கும்போது ஊனினா, சைடுகாரைப் பிடிச்சிருக்கிற கம்பி பின்னாலேர்ந்து வந்து காலை வாங்கிடும்.”

“உமாக்காவுக்கு அடிபடலையா?”

“அதுக்குத்தான் சைக்கிளே தெரியாதே. ஊனுற பழக்கம் இருந்தாத்தானே ஊனும்? அதனாலதான் அவ்வளவு சுருக்கா கத்துக்கிச்சு.”

காஜாவுக்கு நெரவி வீட்டு ஸ்டூல் ஞாபகம் வந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி வைத்திருந்தது ஞாபகம் வந்தது. சுகிர்தாவைப் பார்த்தான். அவள் ஏற்கனவே ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்திருந்தாள்.

“சாச்சி, டீ இன்னொரு நாள் குடிக்கிறோம்,” என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் பின்னால் ஓடினான்.

*

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் சுகிர்தா போனில் கூப்பிட்டிருந்தபடி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் கலைவாணன் வந்தார். கொஞ்சம் விந்தி விந்தித்தான் வந்தார்.

“கால்ல என்னங்க?” என்று கேட்டாள் சுகிர்தா.

“வரப்புல வழுக்கிடுச்சு. குப்புற விழுந்துட்டேன்.”

“அடடா,” என்றான் காஜா. என்றவன், கையிலிருந்த டீயை அவருடைய இடது காலில் கவிழ்த்தான்.

கலைவாணன் பதறி எழுந்து பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். டீ அவ்வளவு சூடில்லை; காஜா அதை ஊதி ஊதி ஆற வைத்திருந்தான். கெண்டைக்காலின் பின்பக்கம் குறுக்காக, கத்தரிக்காய் நிறத்தில், தடித்து வீங்கியிருந்தது.

“குப்புற விழுந்தா முட்டியிலதான் அடிபடும்,” என்றாள் சுகிர்தா. “உங்களுக்கு வரப்பு பின்னாலேர்ந்து வந்து அடிச்சிருக்கு.”

கலைவாணன் சுருட்டிய பேண்ட்டை இறக்கவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்.

“வண்டி பத்திரமா இருக்குங்க. என் சிநேகிதன் ரைஸ் மில் கொட்டகையில தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு. ஒரு கீறல் கிடையாது.”

“விக்கவா?”

“சத்தியமா இல்லைங்க.”

“அப்ப எதுக்கு? கூட வந்தது யாரு?”

“அதைக் கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன். என்னைப் போலீஸ்ல வேணாலும் கொடுங்க.”

“நீங்க சொல்ல வேணாம்,” என்றாள் சுகிர்தா. குரலில் கண்டுபிடித்த சந்தோஷம் துளிகூட இல்லை. “மூட்டை சொல்லிடுச்சு. மூணு மாசமா அது ஒருத்தருக்காகத்தான் இடம் போட்டு உட்கார்ந்திருந்துச்சு. அவர் வந்தா அது எழுந்துதானே ஆகணும்?”

கலைவாணன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

காஜாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது, காலையில் தான் அடித்த ஜோக் ஞாபகம் வந்தது. திருடன் வீட்டுக்காரரை விட்டுவிட்டுப் போகவில்லை. அவரைத்தான் முதலில் ஏற்றியிருக்கிறான்.

*

அவர்கள் மறுபடி நெரவிக்குப் போனபோது உமாமகேஸ்வரி கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துணி கல்லில் விழும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அந்தச் சத்தம் நிற்கிற வரை தங்களுக்கு நேரமிருக்கிறது என்று கட்டிலில் இருந்தவருக்கும் தெரிந்திருந்தது.

“தம்பி சொல்லிட்டானா?” என்று கேட்டார்.

“இல்லை. அவர் கால்தான் சொல்லுச்சு.”

வைத்தியலிங்கம் தலையாட்டினார். பேச ஆரம்பித்தபோது அவர் குரல் மெதுவாக, தடையில்லாமல் வந்தது. மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

“உமா கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால, அவளுக்குத் தெரியாம ஒரு தடவை போய்ப் பார்த்துடணும்னு இருந்துச்சு. பயந்தா தம்பி முன்னாலேயே பயந்துக்கலாம்ல? அவனை நான்தான் வற்புறுத்தினேன். மூட்டையை இறக்கி வச்சுட்டு என்னைத் தூக்கி உட்கார வச்சான். தெருமுனை வரைக்கும்… அம்மா, நான் என்னன்னு சொல்றது. காத்து மூஞ்சியில அடிச்சுச்சு. நாலு வருஷமா எனக்கு ஃபேன் காத்துதான். சிரிச்சேன்கூட.”

கொல்லையில் துணி விழுந்துகொண்டிருந்தது.

“மெயின் ரோட்டுல ஒரு பஸ் நின்னுச்சு. தம்பி அதைத் தாண்டினான். நான் உட்கார்ந்திருந்த உசரத்துக்கு, என் காதுக்கு நேரா, அந்தப் பின்சக்கரம். ஓடக்கூட இல்லை. சும்மா நின்னுக்கிட்டிருந்துச்சு. நான் கத்தினேன். எப்படிக் கத்தினேன்னா, பஸ்ல இருந்தவங்க அத்தனை பேரும் எட்டிப் பார்த்தாங்க. தம்பி வெலவெலத்துப்போய் வண்டியை நிறுத்தும்போதுதான் காலை ஊனிட்டான். அவனுக்கு அடிபட்டதே எனக்குத் தெரியாது. நான் கத்தறதை நிறுத்தவே இல்லை. அப்புறம் லோடு ஆட்டோவைக் கூப்பிட்டு, அதுல படுக்க வச்சுத்தான் வீட்டுக்குக் கொண்டாந்தான்.”

காஜா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

“உமா கையைப் பார்த்தீங்களா? கிளட்ச் பிடிச்சுப் பிடிச்சு உள்ளங்கை காய்ச்சுப் போயிருக்கு. ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கிட்டு, வெள்ளிக்கிழமை அங்க போலாம், இங்க போலாம்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அவகிட்ட போய், என்னால அதுல ஏற முடியாதுன்னு எந்த வாயால சொல்றது? வண்டியை ஒளிச்சு வைன்னு தம்பிகிட்ட சொன்னதும் நான்தான். வண்டி காணாம போயிட்டா ரெண்டு நாள் அழுவா, அப்புறம் விட்டுடுவான்னு நினைச்சேன். அவ என்னடான்னா போலீசுக்குப் போறா. உங்களைக் கூட்டிட்டு வர்றா.” அவர் கையைக் கூப்பினார். “கிடைக்கலைன்னு எழுதிக் கொடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“அண்ணே, என்னைத் தேடி வந்தது உமாக்கா. அவங்ககிட்ட நான் பொய் சொல்ல முடியாது.” சுகிர்தா நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். “நிஜத்தை நான் சொல்லவும் கூடாது. அது நீங்க சொல்ல வேண்டியது. கிடைக்கலைன்னு நான் சொன்னா அவங்க நிறுத்திடுவாங்கன்னா நினைக்கிறீங்க? தேடிக்கிட்டே இருப்பாங்க. நீங்க படுத்துக்கிட்டே அதைப் பார்த்துக்கிட்டு இருப்பீங்க.”

“அவ முகத்தைப் பார்த்து என்னால சொல்ல முடியலையே. மூணு நாளா வாயைத் திறக்கறேன், மூடறேன்.”

“பின்னே தபால்ல போடுங்க,” என்றான் காஜா.

பழக்க தோஷத்தில் வந்த வார்த்தை அது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் வைத்தியலிங்கம் அவனைத் திரும்பிப் பார்த்தார். அன்று முதல் தடவையாக ஜன்னலை விட்டு ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்தார்.

“பேப்பர் இருக்கா தம்பி?”

சுகிர்தாவின் பையில் பேப்பரும் இருந்தது, நிலையத்துக்காக வாங்கி வைத்த தபால்தலை ஒட்டிய உறையும் இருந்தது. காஜா அதே பையிலிருந்த பரீட்சை அட்டையை அவர் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான். ‘உமாவுக்கு’ என்ற முதல் வார்த்தையை மட்டும் அவன் பார்த்தான். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பேனா ஓடியது, நின்றது, ரொம்ப நேரம் நின்றது, மறுபடி ஓடியது. கொல்லையில் துணி பிழியும் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். முகவரியும் அவரே எழுதினார். அனுப்புகிறவர், பெறுகிறவர், இரண்டுக்கும் ஒரே தெரு, ஒரே கதவு எண்.

உமாமகேஸ்வரி ஈரக்கையோடு உள்ளே வந்தாள். “எப்ப வந்தீங்க? கூப்பிடக் கூடாதா?”

சுகிர்தா எழுந்து நின்றாள். உறையைப் புரட்டி, முகவரி உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டாள். “உமாக்கா, வண்டி எங்க இருக்குன்னு தெரிஞ்சுடுச்சு. பத்திரமா இருக்கு. உங்க கைக்கு வந்துடும்.”

உமாமகேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுவரில் சாய்ந்திருந்த நெல்மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று காஜாவால் சொல்ல முடியவில்லை.

“கேட்டீங்களாங்க? வெள்ளிக்கிழமை போறோம். நான் சொன்னேன்ல, கிடைச்சுடும்னு.”

வைத்தியலிங்கம் தலையை அசைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அறையில் மூன்று பேருக்குத் தெரியும், கேட்டவளுக்குத் தெரியாது.

“யாருங்க எடுத்தது?”

“எல்லாம் இந்தக் கடுதாசியில இருக்கு. தபால்ல வரும்.”

“பக்கத்துல நின்னுக்கிட்டு எதுக்குங்க தபாலு? வாயால சொல்லுங்களேன்.”

சுகிர்தா உறையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “சில விஷயம் எழுத்துலதான் வரணும், உமாக்கா. வந்ததும் தனியா உட்கார்ந்து நிதானமாப் படிங்க. படிச்சுட்டு, வண்டியை எப்ப கொண்டாந்து விடணும்னு எனக்கு ஒரு போன் பண்ணுங்க. நீங்க சொல்ற அன்னைக்கு வந்து நிக்கும்.”

“இன்னைக்கே வேணும்னுதான் சொல்லப் போறேன்,” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி, உங்க வழக்கம் அப்படின்னா அப்படியே செய்யுங்க.”

உறையை ஒட்டப் போனான் காஜா. பசை காய்ந்து போயிருந்தது. எச்சில் தொட்டு அழுத்தினான். விரலை எடுத்ததும் வாய் திறந்துகொண்டது.

“குடுங்க இப்படி,” என்றாள் உமாமகேஸ்வரி.

“வேணாம்க்கா, நானே…”

அதற்குள் அவள் அடுப்படிக்குப் போய் இரண்டு சோற்றுப் பருக்கையைக் கொண்டுவந்துவிட்டாள். சுகிர்தா உறையைக் கையிலிருந்து விடவில்லை. முகவரிப் பக்கம் கீழே இருக்க, மடிப்பை மட்டும் தூக்கிக் காட்டினாள். காய்ச்சுப்போன விரலால் உமாமகேஸ்வரி பருக்கையை நசுக்கி, ஓரம் நெடுகத் தேய்த்து, மடிப்பைக் கவிழ்த்து, ஒரு மூலை விடாமல் அழுத்தினாள். கட்டிலில் இருந்தவர் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே பிரியாது,” என்றாள். “சீக்கிரம் போய்ப் போட்டுடுங்க தம்பி. நாலு மணிக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடுமா?”

“வந்துடும்க்கா.”

நாலு வீடு தள்ளி, தெருமுனையில் தபால்பெட்டி. தூறல் ஆரம்பித்திருந்தது. சுகிர்தா ஸ்கூட்டரை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு, முன்னால் ரோட்டைப் பார்த்தபடி காத்திருந்தாள். காஜா இறங்கிப் போனான்.

உறையைப் பாதி நுழைத்துவிட்டு ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தான். சோற்றுப் பசை விரலில் இன்னும் ஈரமாக இருந்தது. இப்போது நினைத்தால்கூடப் பிரித்துவிடலாம். பின்னால் அந்த வீட்டிலிருந்து உமாமகேஸ்வரியின் குரல் கேட்டது. நீலமா, பச்சையா, இந்தத் தடவையாவது வாயைத் திறந்து சொல்லுங்க என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காஜா விரலை எடுத்தான். கடிதம் உள்ளே விழுந்தது.